நெட்டே இல்லாமல் பதில் சொல்லும் ‘குட்டி ஏஐ’... அரசு லேப்டாப்பில் ஓடுமா? ஒரு தென்காசிக் கணக்கு!

தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்துவரும் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி இருக்கிறது. கூடவே பெர்ப்ளெக்சிட்டி என்ற ஏஐ சேவையின் கட்டணச் சந்தா ஆறு மாதத்துக்கு இலவசம். 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் மாணவர்களுக்கு என்று அறிவிக்கப்பட்டு, 2026 ஜனவரியில் கைக்கு வரத் தொடங்கிய திட்டம் இது.

ஆறு மாதம் சரி. ஏழாவது மாதம்?

சந்தா முடிந்தால் கட்டணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இலவசக் கணக்கில் கேள்விகளை எண்ணி எண்ணிக் கேட்க வேண்டும். அதற்கும் நெட் வேண்டும். குற்றாலத்தில் சீசன் நேரத்து ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று தெரியும்தானே? பேரருவி பக்கம் கூட்டம் முட்டும்போது போனில் சிக்னல் கோடு முழுசாக இருக்கும். பக்கம் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். காற்றும் சாரலும் சேர்ந்து கரன்ட்டைத் தூக்கிவிட்டால் வீட்டு வைஃபையும் போச்சு.

அந்த நேரத்திலும் பதில் சொல்லும் ஏஐ ஒன்று இருக்கிறது. அது அமெரிக்காவில் எங்கோ இருக்கும் சர்வரில் இல்லை. உங்கள் லேப்டாப்பின் உள்ளேயே, பாட்டுப் படங்கள் இருக்கும் அதே டிஸ்க்கில், ஒரு ஃபைலாக உட்கார்ந்திருக்கும். சந்தா கிடையாது. நீங்கள் கேட்பது வீட்டை விட்டு வெளியே போகாது. பெயர், ‘ஸ்மால் லாங்குவேஜ் மாடல்’. நமக்குக் குட்டி ஏஐ.

‘அப்படியென்றால் எல்லாரும் ஏன் சாட்ஜிபிடிக்கு ஓடுகிறார்கள்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் தெரிய, தென்காசியிலிருந்து குற்றாலம் பக்கமாக ஒரு கிராமத்துக்குப் போக வேண்டும்.

மத்தளம்பாறையின் பந்தயம்

மத்தளம்பாறை. பின்னால் மேற்குத்தொடர்ச்சி மலை, சுற்றிலும் வயலும் தோப்பும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனம் 2011-ல் தென்காசிக்கு வந்து கால் பதித்தது இந்தப் பக்கத்தில்தான். உலகம் முழுக்க வாடிக்கையாளர் சேவைக்குப் பயன்படும் ‘ஸோஹோ டெஸ்க்’ மென்பொருள் உருவானது இங்கே. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-ல் அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியதும் இந்தக் கிராமத்தில். 2025 ஜனவரியில் அவர் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை விட்டுவிட்டு, ஆராய்ச்சியைக் கவனிக்கப்போவதாகச் சொல்லித் தலைமை விஞ்ஞானி ஆனார்.

அதே ஆண்டு ஜூலையில் ஸோஹோ தன் சொந்த மொழி மாடலை அறிவித்தது. பெயர், ‘ஸியா எல்எல்எம்’. ஏஐ உலகம் ‘என்னுடையது பெரியது, உன்னுடையது சிறியது’ என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. ஸோஹோ அறிவித்த மூன்று மாடல்களின் அளவு என்ன தெரியுமா? 130 கோடி, 260 கோடி, 700 கோடி பாராமீட்டர்கள்.

பாராமீட்டர் என்பது மாடலின் உள்ளே இருக்கும் எண்கள். படித்ததை எல்லாம் அந்த எண்களாகத்தான் அது வைத்திருக்கிறது. 700 கோடி என்றால் நமக்கு மலைப்பாக இருக்கும். ஆனால் 2020-ல் வந்த ஜிபிடி-3 மாடலுக்கே 17,500 கோடி. அதன் முன்னால் ஸோஹோவுடையது, பேரருவிக்குப் பக்கத்தில் சிற்றருவி.

ஏன் இவ்வளவு சின்னது? பில்லில் இருந்து விவரங்களை எடுக்க, நீண்ட மெயிலைச் சுருக்க, புரோகிராம் எழுத உதவ... இப்படிக் குறிப்பிட்ட அலுவலக வேலைகளுக்கு யானை அளவு மாடல் தேவையில்லை, வேலைக்குத் தக்க அளவு போதும் என்பது நிறுவனத்தின் கணக்கு. வாடிக்கையாளர்களின் தரவு ஸோஹோவின் சர்வர்களை விட்டு வெளியே போக வேண்டியதில்லை என்பது இன்னொரு கணக்கு.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸியா மாடலை நீங்களும் நானும் டவுன்லோடு செய்து லேப்டாப்பில் போட்டுக்கொள்ள முடியாது. அது ஸோஹோவின் மென்பொருள்களுக்குள், அவர்களின் டேட்டா சென்டரில் ஓடுகிறது. ஆனால் அந்த இரண்டு கணக்குகள் இருக்கின்றனவே... ‘வேலைக்குத் தக்க அளவு’, ‘தரவு வீட்டுக்குள்ளேயே’... அவற்றை அப்படியே ஒரு மாணவரின் மேஜைக்குக் கொண்டுவரலாம். அதற்கான மாடல்களை வேறு பலர் இலவசமாகவே திறந்துவிட்டிருக்கிறார்கள்.

நகைக்கடைத் தராசு, காய்கறிக்கடைத் தராசு

கூகுள் 2025 மார்ச்சில் வெளியிட்ட ‘ஜெம்மா 3’ குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 100 கோடி, 400 கோடி, 1,200 கோடி, 2,700 கோடி பாராமீட்டர் என்று நான்கு அளவுகளில் வந்தது. நமக்கு ஏற்றது 400 கோடி அளவு. ‘4பி’ என்று எழுதியிருப்பார்கள். 100 கோடி மாடல் ஒரு ஜிபிகூட இல்லையே, அதை எடுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். தமிழ் உள்ளிட்ட பன்மொழித் திறன் 4பி-யில் இருந்துதான் தொடங்குகிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. வழக்கமாக ஒவ்வொரு எண்ணையும் வைக்க 2 பைட் இடம் வேண்டும். 400 கோடி எண்களுக்கு 8 ஜிபி. லேப்டாப்பில் இருக்கும் ரேமே மொத்தம் 8 ஜிபி. அதில் விண்டோஸ் பாதியை எடுத்துக்கொள்ளும். கதை முடிந்தது.

இங்கேதான் ஒரு தந்திரம். நகைக்கடைத் தராசு மில்லிகிராம் வரை காட்டும். காய்கறிக்கடையில் தக்காளிக்கு அந்தத் தராசு எதற்கு? கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் குழம்பு கெட்டுவிடாது. அதேபோல மாடலின் ஒவ்வொரு எண்ணையும் 65,536 படிகள் உள்ள நுட்பமான அளவில் வைக்காமல், வெறும் 16 படிகளில் தோராயமாக வைத்தால் என்ன? இடம் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. இதற்கு ‘குவான்டைசேஷன்’ என்று பெயர். பதிலின் தரம் கொஞ்சம் இறங்கும். உட்கார்ந்து ஒப்பிட்டால்தான் பல நேரம் தெரியும். இப்படிச் சுருக்கியதில் ஜெம்மா 3-யின் 4பி மாடல் சுமார் 3.3 ஜிபி ஃபைலாகக் கிடைக்கிறது. இரண்டு எச்டி சினிமா அளவு.

இந்த வழியைச் சாமானியருக்குத் திறந்துவிட்டவர் பல்கேரியாவைச் சேர்ந்த ஜியார்ஜி கெர்கானோவ் என்ற புரோகிராமர். 2023 பிப்ரவரியில் மெட்டா நிறுவனம் ‘லாமா’ மாடலை ஆராய்ச்சியாளர்களுக்காக வெளியிட்டது. மார்ச்சிலேயே கெர்கானோவ் ‘லாமா டாட் சிபிபி’ என்ற நிரலை எழுதி, அதைச் சாதாரண லேப்டாப்பில் ஓடவைத்துக் காட்டினார். விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு தேவைப்படவில்லை. இன்று பலரும் பயன்படுத்தும் ‘ஒல்லாமா’, ‘எல்எம் ஸ்டுடியோ’ போன்ற இலவச மென்பொருள்கள் அந்த அடித்தளத்தில் வளர்ந்தவை.

வேகம் எப்படி? இதில் வாய்ப்பந்தல் போடக் கூடாது. குட்டி ஏஐ ஒவ்வொரு சொல்துண்டை எழுதும்போதும் அந்த 3.3 ஜிபி ஃபைலை ஒருமுறை முழுக்கப் புரட்ட வேண்டும். ஒற்றை ரேம் குச்சி போட்ட சாதாரண லேப்டாப்பில் ரேமிலிருந்து விநாடிக்குச் சுமார் 25 ஜிபி படிக்கலாம். வகுத்துப் பாருங்கள், விநாடிக்கு ஏழெட்டுத் துண்டுகளுக்கு மேல் போகாது. ஒரு தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு மூன்று துண்டு ஆகும் என்றால், விநாடிக்கு இரண்டு மூன்று சொல். நடைமுறையில் அதற்கும் கொஞ்சம் குறையும். சாட்ஜிபிடி மடமடவென்று கொட்டுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது, தாத்தா கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் வாசிக்கும் வேகம். வாசிக்கப் போதும். அவசரத்துக்கு ஆகாது.

5 எழுத்துக் குற்றாலம், 27 பைட்!

மேலே ‘துண்டு’ என்று சொன்னதில்தான் தமிழர்களுக்கான வம்பு இருக்கிறது.

மாடல் எழுத்துக் கூட்டி வாசிப்பதில்லை. வாக்கியத்தைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் உள்ளே எடுத்துக்கொள்கிறது. ‘டோக்கன்’ என்பார்கள். ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரு சொல்லுக்கு ஒரு துண்டு. ‘குற்றாலம்’ நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு அது க, உகரக் குறி, ற, புள்ளி, ற, துணைக்கால், ல, ம, புள்ளி என்று ஒன்பது குறிகள். ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்று மொத்தம் 27 பைட். ஆங்கிலத்தில் அதே ஊர்ப்பெயரை எழுதினால் பத்துப் பைட்டில் முடிந்துவிடும்.

தமிழ் அதிகம் பார்க்காத மாடல் என்ன செய்யும்? நம் சொல்லைக் கீரை ஆய்வதுபோல் பொடிப்பொடியாக நறுக்கும். துண்டு கூடக் கூட வேகம் குறையும், ஞாபகம் குறையும். காசு கொடுத்து வாங்கும் ஏஐ சேவைகளில் பெரும்பாலும் துண்டுக்கு இவ்வளவு என்றுதான் விலை. ஆக, ஒரே விஷயத்தைத் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தைவிடக் கூடுதல் பில். தமிழில் கேட்டதற்கு அபராதம் கட்டுவதுபோல இருக்கிறது இல்லையா?

இதைச் சரிசெய்யத் தனிமனிதர்களே இறங்கினார்கள். 2023 நவம்பரில் அபிநந்த் பாலச்சந்திரன் ‘தமிழ் லாமா’ என்ற மாடலை வெளியிட்டார். மெட்டாவின் லாமா 2 மாடலின் அகராதியில் இருந்தவை 32,000 துண்டுகள். அதோடு 16,000 தமிழ்த் துண்டுகளைச் சேர்த்து, தமிழ்ப் பிரதிகளைப் படிக்கவைத்து, எல்லாரும் எடுத்துக்கொள்ளத் திறந்துவிட்டார். அடுத்த ஆண்டு அக்டோபரில் பெங்களூரின் சர்வம் ஏஐ நிறுவனம், தமிழ் உள்ளிட்ட பத்து இந்திய மொழிகளுக்காக ‘சர்வம்-1’ என்ற 200 கோடி பாராமீட்டர் மாடலை வெளியிட்டது. மற்ற மாடல்கள் ஒரு இந்திய மொழிச் சொல்லுக்கு நான்கு முதல் எட்டுத் துண்டு எடுக்க, தங்களுடையதில் 1.4 முதல் 2.1 துண்டுதான் என்றது அந்த நிறுவனம். ஆனால் அதை வாங்கிப் போட்டவுடன் அரட்டை அடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். தொடங்கிய வாக்கியத்தை நீட்டி முடிக்கும் அடிப்படை மாடல் அது. கேள்வி-பதிலுக்கு மேற்கொண்டு பழக்க வேண்டும். சென்னை ஐஐடியின் ‘ஏஐ4பாரத்’ மையம் 2023-ல் கொடுத்த ‘இண்டிக்டிரான்ஸ்2’ வேறு ரகம். 22 இந்திய மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு மாடல். அதையும் சொந்தக் கணினியில் ஓட்டலாம். ஆனால் கொஞ்சம் புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டும். கல்லூரி புராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகள் குறித்துக்கொள்ளலாம்.

வீட்டில் எப்படி ஓட்டுவது?

புரோகிராமிங் தெரியாதவர்களுக்கு எல்எம் ஸ்டுடியோ எளிது. அதன் அதிகாரபூர்வ இணையதளத்துக்குப் போய் டவுன்லோடு செய்து, மற்ற மென்பொருள்போல நிறுவ வேண்டும். உள்ளே ஒரு தேடல் பெட்டி இருக்கும். அதில் ஜெம்மா 3 என்று தட்டினால் பட்டியல் வரும். 4பி என்று உள்ளதில், ‘க்யூ4’ என்ற குறியிட்டதை எடுங்கள். அதுதான் நாம் பார்த்த காய்கறிக்கடைத் தராசு. டவுன்லோடு முடிந்ததும் ‘சாட்’ பக்கத்தில் அந்த மாடலைத் தேர்ந்தெடுத்தால், வாட்ஸ்அப்போல தட்டிப் பேச வேண்டியதுதான்.

ஒல்லாமாவும் இப்போது அதேபோல அரட்டைப் பெட்டியோடு வருகிறது. கறுப்புத் திரையில் கட்டளை அடித்துப் பழகியவர்களுக்கு அதுதான் பிடிக்கும்.

தொடங்கும் முன் குரோமை மூடிவிடுங்கள். இருபது டேப் திறந்துவைத்துக்கொண்டு, 8 ஜிபி லேப்டாப்பில் குட்டி ஏஐயையும் ஓட்டினால், எலி அசைய ஒரு நிமிடம் ஆகும். மின்விசிறி இரைச்சலாகச் சுற்றும், அடிப்பக்கம் சுடும், பேட்டரி வேகமாக இறங்கும். மெத்தையில் வைக்காமல் மேஜையில் வையுங்கள். கரன்ட் போன நேரத்திலும் ஓடும்தான், ஆனால் இரவு முழுக்க ஓடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எல்லாம் ஆனதும் ஒரு சோதனை. வைஃபையை அணையுங்கள். இப்போது ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வந்தால், நிஜமாகவே உங்கள் லேப்டாப்புக்குள்தான் ஓடுகிறது. இந்தச் சோதனை ஏன் முக்கியம் என்றால், ஒல்லாமா 2025 செப்டம்பர் முதல் ‘கிளவுட்’ மாடல்களையும் அதே பட்டியலில் காட்டுகிறது. பெயரின் கடைசியில் ‘கிளவுட்’ என்று இருந்தால் நீங்கள் தட்டுவது சர்வருக்குப் போகிறது. ‘லோக்கல்’ என்று நினைத்து அதில் குடும்பக் கடிதத்தைப் போட்டுவிடக் கூடாது.

குறவஞ்சி கேட்டால் குட்டு வெளிப்படும்

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருவோம். பலரும் குட்டி ஏஐயை நிறுவிவிட்டு, முதல் நாளே வெறுத்து அழித்துவிடுவது இங்கேதான்.

நம்மூர்க்காரர் ஒருவர் முதலில் என்ன கேட்பார்? ‘குற்றாலக் குறவஞ்சி பாடியவர் யார்?’ தென்காசியை ஒட்டிய மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். தலைவி பெயர் வசந்தவல்லி, குறத்தி சிங்கி, அவளைத் தேடிவருபவன் சிங்கன். குட்டி ஏஐ இதில் சொதப்ப நிறையவே வாய்ப்பு இருக்கிறது. சொதப்புவதுகூடப் பரவாயில்லை, வேறொரு கவிராயரின் பெயரைச் சொல்லி, இல்லாத ஒரு நூற்றாண்டையும் சேர்த்து, கொஞ்சமும் தயங்காமல் சொல்லும். தெரியாது என்று சொல்ல வெட்கப்படும் உறவினர் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் உண்டே, அந்த ஜாதி.

அதைக் குறை சொல்லியும் பயன் இல்லை. 3.3 ஜிபிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளின் இலக்கணம், சொல்வளம், உலக விவரங்கள் எல்லாவற்றையும் அடைத்தால், தென்காசிக்கு எவ்வளவு இடம் மிஞ்சும்? மொழி எப்படி ஓடும் என்பது அதற்குத் தெரியும். உலகில் என்ன நடந்தது என்பது அரைகுறையாகத்தான் தெரியும்.

எனவே குட்டி ஏஐயைப் பண்டிதராக நினைத்துக் கேள்வி கேட்காதீர்கள். நல்ல எழுத்தராக நினைத்து, கையில் தாளைக் கொடுத்து வேலை வாங்குங்கள். ‘குறவஞ்சி பற்றிச் சொல்’ என்பதற்குப் பதில், பாடப் புத்தகத்தில் உள்ள இரண்டு பக்கத்தை ஒட்டி, ‘இதிலிருந்து மட்டும் பத்து ஒரு மதிப்பெண் வினாக்கள் எடு’ என்று கேட்டுப் பாருங்கள். அங்கே அதன் முகமே மாறும். பதில் முழுவதும் நீங்கள் கொடுத்த தாளிலேயே இருப்பதால், கதை விடும் இடம் குறைகிறது. அடியோடு போய்விடுவதில்லை. டியூஷன் எடுக்கும் டீச்சர்கள் வினாத்தாளை ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் ஜெராக்ஸுக்குக் கொடுக்க வேண்டும்.

தென்காசி, குற்றாலம் பக்கம் இப்படிப்பட்ட ‘தாள் வேலை’க்கா பஞ்சம்? சீசன் முடிந்ததும் லாட்ஜ்காரருக்கு விருந்தினர்கள் எழுதிய நூறு கருத்துகள் இருக்கும். சுடுதண்ணீர் பற்றி எத்தனை புகார், படுக்கை பற்றி எத்தனை என்று பிரிக்க வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுவில் பேச்சுவழக்கில் எழுதிய கூட்டக் குறிப்பைத் தீர்மான நோட்டுக்கு ஏற்ற நடையில் மாற்ற வேண்டும். வங்கியிலிருந்து ஆங்கிலத்தில் வந்த மூன்று பக்கக் கடிதத்தின் சாரம், கடைசித் தேதி எது என்பது அப்பாவுக்குத் தமிழில் வேண்டும். கேரளாவுக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரி, ஆங்கிலத்தில் ஒரு மரியாதையான நினைவூட்டல் கடிதம் எழுத வேண்டும்.

இதில் வங்கிக் கடிதம், கிரயப் பத்திரம், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாள்... இவற்றைத்தான் யோசிக்க வேண்டும். இன்று பல வீடுகளில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? போனில் படம் எடுத்து, ஏதோ ஒரு ஏஐ ஆப்பில் போட்டு, ‘இதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்கிறார்கள். அம்மாவின் சர்க்கரை அளவு, தாத்தாவின் சர்வே எண், ஆதார் எண், கையெழுத்து எல்லாம் அந்தப் படத்தோடு போகின்றன. பல இலவச ஆப்களின் வழக்கமான அமைப்பில், பேசியதை மாடலின் பயிற்சிக்குப் பயன்படுத்த அனுமதி இருக்கும். நாம்தான் தேடிப்போய் அணைக்க வேண்டும். தனிநபர் தரவைக் காக்க 2023-ல் இந்தியாவில் சட்டமே வந்திருக்கிறது. சட்டம் நிறுவனத்தைக் கேள்வி கேட்கும். ஆனால் நாமே கையால் தூக்கிக் கொடுத்ததைத் திரும்ப வாங்குவது எளிதா என்ன?

குட்டி ஏஐயின் உண்மையான மதிப்பு இந்த ஓர் இடத்தில்தான். அறிவில் அது பெரிய மாடலிடம் தோற்கும், வேகத்திலும் தோற்கும். ஆனால் தாத்தாவின் பத்திரத்தை வாசித்துவிட்டு அது யாரிடமும் போய்ச் சொல்லாது. சொல்ல அதற்கு வழியே இல்லை.

ஜெம்மா 3-யின் 4பி மாடல் படங்களையும் பார்க்கும் என்பதால் தாளின் போட்டோவையே கொடுக்கலாம். அச்சிட்ட ஆங்கிலம் என்றால் சமாளிக்கும். டாக்டர் கையெழுத்தும், பழைய பத்திரத்தின் மங்கிய தமிழும் கொடுத்தால் படிப்பதைவிடக் கற்பனை செய்வதுதான் அதிகமாக இருக்கும். மருந்தின் அளவு, பத்திரத்தின் எல்லை, பணத்தொகை, தேதி... இவற்றில் அது சொன்னதைத் தாளோடு வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மருந்து மாத்திரை பற்றிய முடிவை அதனிடம் கேட்கவே வேண்டாம்.

ஞாபக மறதி

இன்னொரு சிக்கலும் உண்டு. பெட்டியில் ‘1,28,000 டோக்கன் வரை நினைவில் வைக்கும்’ என்று எழுதியிருப்பார்கள். அது மாடலின் திறன். உங்கள் லேப்டாப்பின் ரேம் அதற்கு இடம் கொடுக்காது. ஒல்லாமா சாதாரண லேப்டாப்பில் தொடக்கத்தில் ஒதுக்குவது சுமார் 4,000 துண்டு. தமிழில் ஆயிரத்து ஐந்நூறு சொல்லுக்குள். கேள்வி, நீங்கள் ஒட்டிய தாள், அது எழுதும் பதில் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

மிஞ்சினால்? எச்சரிக்கை ஏதும் வராமலே ஒரு பகுதியை விட்டுவிடலாம். இருபது பக்க வாடகை ஒப்பந்தத்தை மொத்தமாக ஒட்டி, ‘முன்பணம் எவ்வளவு?’ என்று கேட்டால், முதல் பக்கத்தையே பார்க்காமல் அது பதில் சொல்லக்கூடும். ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு பக்கம் கொடுங்கள். வேறு விஷயத்துக்குப் போகும்போது புதிய அரட்டையைத் திறந்துவிடுங்கள். செட்டிங்ஸில் இந்த அளவைக் கூட்டலாம். கூட்டினால் ரேம் தின்னும். 16 ஜிபி லேப்டாப் வைத்திருப்பவர்கள் தாராளமாகக் கூட்டிப் பார்க்கலாம்.

தமிழின் தரம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். செய்தித்தாள் தமிழில் கேட்டால் ஓரளவு ஒழுங்காகப் பேசும். ஒருமை பன்மை இடறும். ‘அவர் வந்தான்’ வகையறாக்கள் நடுநடுவே வரும். ‘ஏல, எங்கன போற?’ என்று நெல்லைச் சீமைத் தமிழில் கேட்டால் முழிக்கும். ஆங்கிலத்தில் வேலையை வாங்கி, கடைசியில் தமிழில் மாற்றித் தரச் சொன்னால் சில நேரம் நன்றாக வருகிறது. வழிசொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைய நிலை அதுதான். தமிழ்ப் பிரதிகள் இணையத்தில் எவ்வளவு கூடுகின்றனவோ, தமிழ் லாமா போன்ற முயற்சிகளுக்கு எவ்வளவு கைகொடுக்கிறோமோ, அந்த அளவுக்குத்தான் அடுத்த குட்டி ஏஐயின் தமிழ் தேறும்.

லேப்டாப்பே இல்லை, போன்தான் என்பவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. கூகுள் 2025-ல் போன்களுக்கென்றே ‘ஜெம்மா 3என்’ மாடலைக் கொடுத்தது. ‘கூகுள் ஏஐ எட்ஜ் கேலரி’ என்ற ஆப்பில் அதை இறக்கி, ஏரோபிளேன் மோடில்கூடப் பேசலாம். ஓரளவு புதிய போனும் நிறைய காலியிடமும் வேண்டும். பழைய 4 ஜிபி ரேம் போனில் முயன்று போனைச் சூடாக்கிக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக டேட்டா கவலை. தினம் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி பேக்கில் 3.3 ஜிபி ஃபைலை இறக்குவது கஷ்டம். பாதியில் நின்றால் எரிச்சல்தான் மிச்சம். கல்லூரி வைஃபை, நூலகத்து வைஃபை எங்கே கிடைக்கிறதோ அங்கே ஒருவர் இறக்கினால் போதும். எல்எம் ஸ்டுடியோ பயன்படுத்தும் மாடல், ‘ஜிஜியூஎஃப்’ என்று முடியும் சாதாரண ஃபைல்தான். பென் டிரைவில் காப்பி செய்து, அடுத்தவர் லேப்டாப்பில் மாடல்களுக்கான ஃபோல்டரில் போட்டால் ஓடும். பழைய பென் டிரைவ்களில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டினால் ஏறாது என்று ஒரு தொல்லை உண்டே, அதற்கும் இது உள்ளேதான் அடங்குகிறது. படங்களையும் வாசிக்க வேண்டும் என்றால், பக்கத்தில் ‘எம்எம்ப்ராஜ்’ என்று தொடங்கும் இன்னொரு ஃபைல் இருக்கும். காப்பி செய்யும்போது அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.